எங்கள் ஒழுங்கையில் பாட்டு இல்லை

மார்கழி 8, வியாழன்

விடியத் தொடங்கிய தூறல் விடவில்லை. விறகு முழுக்க ஈரம். குசினிக்குள் புகை, கண்ணெரிச்சல்.

மாதா திருநாள் பூசைக்கு நான் போகவில்லை. போனால் ஆளாளுக்கு "அவரைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அரை முழம் தள்ளி உட்காருவார்கள்.

என் புருசனைப் பிடித்துக்கொண்டு போய் இன்றைக்கு ஐம்பத்திரண்டு நாள். சுற்றிவளைப்பு அன்று ஆம்பிளைகள் எல்லாரையும் திடலில் வரிசையாக நடக்கவிட்டது ஆமி. ஜீப்புக்குள் ஆளைக் காட்டிக்கொடுக்கச் சாக்கால் மூடின தலை ஒன்று, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. இவர் முன்னால் வந்தபோது அந்தத் தலை ஆடியது. விசாரணையும் அதுதான், தீர்ப்பும் அதுதான். சங்கக்கடையில் அரிசி நிறுக்கிற மனுசன்!

ஜெனியைப் பிலோமினாவுடன் பூசைக்கு அனுப்பினேன். பிலோமினா என்னோடு படித்தவள்; இப்போது கோயிலில் மறைக்கல்வி ரீச்சர். திரும்பி வரும்போதே பிள்ளை வாசல் படலையில் நின்று கத்தினாள். "அம்மா, கரோலில நான்தான் சம்மனசு! செட்டை தைக்கவேணுமாம்!" சிறகு வைத்த தேவதூதர் வேடம். ஏழு வயது. சுற்றிவளைப்புக்குப் பிறகு இன்றைக்குத்தான் பல் தெரியச் சிரித்தாள்.

வாங்க: வெள்ளை நெற் துணி ஒரு யார், பசை, மினுங்கல் கடதாசி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் (இருந்தால்).

மார்கழி 11, ஞாயிறு

மழை விட்டது. பூசைக்குப் பிறகு கரோல் பற்றிப் பெற்றோர் கூட்டம். பின் வரிசை வாங்கில் இருந்தேன். தீர்மானங்கள்:

– இரவுக் கரோல் இல்லை. பி.ப. 3 முதல் 5 வரை. (முந்தி பெற்றோல்மாக்ஸ் பிடித்துக்கொண்டு சாமம் வரை போனவர்கள் நாங்கள்.)
– மேளம் இல்லை. பலூன் இல்லை. பலூன் வெடித்தால் ஆமிச் சென்றியில் நிற்கிறவன் சுடுவான்.
– எந்த வீட்டிலும் தின்னக் கூடாது. கடதாசியில் சுற்றி வாங்கி, தாய்மார் பிரித்துப் பார்த்த பிறகுதான்.
– ரோட்டில் கிடக்கிற பேனை, பொம்மை ஒன்றையும் தொடக் கூடாது. உள்ளுக்குக் குண்டு இருக்கும்.
– நத்தார் தாத்தாவுக்கு முகமூடி இல்லை. பஞ்சுத் தாடி மட்டும்.

கடைசியைச் சொல்லும்போது ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. அவ்வளவு கவனம். எல்லாம் நியாயம்தான், நானும் கை உயர்த்தினேன். முகமூடி கண்டால் ஜெனி இப்போது பாவாடையோடு மூத்திரம் போய்விடுகிறாள்.

பிறகு வீடுகள். கடைக்காரச் சேவியர் அண்ணை எழும்பினார். மூன்று பிள்ளைகளின் தகப்பன், அவர் வீட்டில்தான் கரோல் முடியும்.

"கிழக்கு ஒழுங்கையில பிள்ளையளை ஒரு வீட்டுக்கும் விட ஏலாது. ஆமி கண் வைச்சிருக்கிற இடம். நான் ஆரையும் குறிச்சுச் சொல்லேல்லை."

கிழக்கு ஒழுங்கையில் மூன்று வீடு. ஒன்றின் ஆட்கள் கனடாவில், ஒன்றின் ஆட்கள் கொழும்பில், இரண்டும் பூட்டு. மூன்றாவது நான். ஆரையும் குறிக்கவில்லையாம்!

"உங்கட வீட்டுக்கு அதாலதானே அண்ணை வரவேணும்?" என்று பிலோமினா கேட்டாள்.

"வரட்டும். அந்த ஒழுங்கையில மட்டும் பாட்டு வேண்டாம். படலையளைத் திரும்பிப் பாராமல் விறுவிறெண்டு நடந்தாச் சரி."

பிலோமினா வீட்டு லிஸ்டை எடுத்தாள். போன வருடத்துக் கொப்பித்தாள், என் கையெழுத்து. பதினோராவதாக ரோசலின் அக்காவின் பெயர், அதற்கு மேல் ஒரு கோடு. கோடும் என்னுடையது. ரோசலின் அக்காவின் மகன் இயக்கத்துக்குப் போனவன். "அந்த வீட்டுக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய் வில்லங்கத்தை விலைக்கு வாங்கோணுமோ?" என்று போன மார்கழியில் இதே இடத்தில் கேட்டது நான்தான். எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். எனக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்றைக்குப் பிலோமினா என் பெயரை வெட்டினாள். மை கசிந்தது. ஒற்றுத்தாள் வைத்து ஒற்றினாள். துப்புரவான மனுசி.

மார்கழி 12, திங்கள்

பின்னேரம் பிலோமினா வந்தாள்.

"நீர் என்னோட கோவிக்கக் கூடாது. சேவியர் அண்ணை சொல்லேக்க நான் என்னெண்டு மறுக்கிறது?"

"வாயாலதான். வேற எதால?"

சேலைத் தலைப்பைத் திருகினாள். "ஜெனியை மறிச்சுப் போடாதேயும். பிள்ளையில என்ன பிழை?"

அப்போ பிழை வீட்டில். சுவரில், கிணற்றில், என்னில். தேத்தண்ணி வைத்தேன், குடிக்கவில்லை. கடதாசியில் சுற்றித் தரச் சொன்னாலும் தந்திருப்பேன்.

மார்கழி 14, புதன்

தலையிடி. பனடோல் ஒன்று. கோழி மூன்று நாளாக முட்டையில்லை.

ரோசலின் அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரு வருடமாக அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. இருக்கச் சொல்லவில்லை.

"அக்கா, போன வருஷம் கரோல் உங்கட வீட்டை வராமல் விட்டது..."

"தெரியும். கோடு கீறினது நீர்."

"பிள்ளையளுக்கு ஏதும் நடந்திடும் எண்டு பயந்தனான் அக்கா."

"இப்ப உம்மட வீட்டையும் வரமாட்டினமாம். அதுதானே வந்தனீர்? இல்லையெண்டால் வந்திருப்பீரோ?"

வந்திருக்க மாட்டேன்தான்.

"நாப்பது சிப்பிப் பலகாரம் சுட்டு வைச்சனான். பிள்ளையள் வரும் எண்டு படலையைப் பாத்துக்கொண்டிருந்தனான். பிறகு கோழிக்குப் போட்டன். நீர் இந்த முறை சுடாதையும், எண்ணெயாவது மிஞ்சும்."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். கத்தியை நிறுத்தாமலே சொன்னா: "அதைச் சுவாமியாரிட்டைக் கேளும். அது அவரின்ரை வேலை. எனக்கு மீன் வெட்டக் கிடக்கு."

வழியெல்லாம் ஆத்திரம். அவவில் இல்லை. சேவியர் அண்ணையை வாயாரத் திட்டலாமென்றாலும் ஏலாமல் கிடக்கிறது. அவர் சொன்னது நான் சொன்னதுதானே.

மார்கழி 19, திங்கள்

வாடைக்காற்று. உடுப்புக் கொடியில் நிற்கவில்லை. அவரிடமிருந்து கடிதம் இல்லை. காம்ப் வாசலில் ஆமி வாங்கி வைத்த உடுக்கிற சரம், பற்பசை அவர் கைக்குப் போனதோ தெரியாது.

செட்டை தைத்து முடிந்தது. ஈர்க்கை வளைத்துக் கட்டி நெற் இழுத்தேன். ஜெனி போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். பிறகு நின்று கேட்டாள்:

"அம்மா, எங்கட வீட்டை வரேக்க நான் அவையோட வெளியில நிக்கவோ, உங்களோட உள்ளுக்கு நிக்கவோ?"

"ரீச்சர் சொல்லுவா" என்றேன். கோழை. பெற்ற பிள்ளைக்கு ஒரு உண்மை சொல்லத் துப்பில்லை.

மார்கழி 22, வியாழன்

இரவு முழுக்க யோசனை. பிள்ளையை மறிப்பதா? மறித்தால் அவர்களுக்குத்தான் நிம்மதி. அனுப்புவேன்.

பலகாரமும் சுட்டேன். சிப்பி, பயற்றம் பணியாரம். எண்ணெய் முடிந்தது, முடியட்டும். பாட வேண்டாமென்றார்கள், திரும்பிப் பார்க்க வேண்டாமென்றார்கள். என் படலையில் நான் நிற்பதை மறிக்கவில்லையே. பிள்ளைகள் பிள்ளைகள்தான், ஒன்றாவது ஓடி வரும். வேறொன்று வராவிட்டாலும் என்னுடையது வரும்.

மார்கழி 23, வெள்ளி

வெயில். மூன்று மணிக்கே முகம் கழுவி, சேலை மாற்றி, தட்டோடு படலையில் நின்றேன்.

நாலரை இருக்கும். பாட்டுச் சத்தம் சந்தியால் வந்தது. ஒழுங்கை வாசலில் பிலோமினா கை காட்ட, வரி பாதியில் நின்றது. பிறகு செருப்புச் சத்தம் மட்டும். பதினாலு பிள்ளைகள், முகம் திறந்த நத்தார் தாத்தா ஒருவர், அவருக்குத் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பிலோமினா நிலத்தைப் பார்த்தபடி நடந்தாள்.

சேவியர் அண்ணையின் கடைக்குட்டி தட்டைக் கண்டு கை நீட்டியது. தமக்கைக்காரி கையில் ஒரு அடி போட்டு இழுத்துக்கொண்டு போனாள்.

நடுவில் ஜெனி. செட்டை வெயிலில் மினுங்கியது. நேரே முன்னுக்குப் பார்த்தபடி வந்தாள். "ஜெனி" என்றேன். "ஜெனி, அம்மா இஞ்ச." பிள்ளை நடந்தது. எனக்கு மூன்றடி தள்ளி, தன்னுடைய வீட்டுப் படலையைத் தாண்டி நடந்தது. ஒழுங்கை முடியிற இடத்தில் பாட்டு திரும்பத் தொடங்கியது. அவள் குரலும் அதில் கேட்டது.

ஐந்தேகாலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். மடி நிறையக் கடதாசிப் பொட்டலம். முகமெல்லாம் சந்தோசம்.

"அம்மா, மற்ற எல்லாரும் திரும்பிப் பாத்தவையாம். நான் மட்டும்தான் பாக்கேல்லை. நான்தான் கெட்டிக்காரி எண்டு ரீச்சர் எல்லாருக்கும் முன்னால சொன்னவா."

செட்டையைக் கழற்றிவிட்டேன். கடைசி முடிச்சைப் பல்லால் அவிழ்த்தேன்.

"நீங்கள் கூப்பிட்டது கேட்டதம்மா. ரெண்டு தரமும் கேட்டது. அப்பவும் நான் பாக்கேல்லை."