கருப்பனின் கழுத்துப்பட்டை

சம்பந்தி,

இன்று காலை என் நாய் செவலைக்குத் தடுப்பூசி போட நல்லம்பள்ளி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்பிரிட் வாசனை வந்ததும் அவள் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நெஞ்சுவலியில் நீங்கள் போய்ச் சேர்ந்ததை அவளுக்கு யார் சொல்வது? எனக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை.

உங்கள் நாய் கருப்பனும் என் செவலையும் சோளக்காட்டில் ஜோடி சேர்ந்த அன்றுதான், பக்கத்து வீட்டுக்காரரான நீங்கள் எனக்குச் சம்பந்தி ஆனீர்கள். "பொண்ண ஒழுங்கா வளக்கத் தெரியலீங்களே சம்பந்தி" என்று டீக்கடையில் வைத்தே என் மானத்தை வாங்கினீர்கள். கொஞ்ச நாளில் கருப்பன் பைபாஸில் லாரியில் அடிபட்டுச் செத்தான். அப்புறம் உங்களுக்குச் சிரிப்பே இல்லை. செவலையின் வயிற்றைத் தடவிப் பார்ப்பீர்கள். "ஒரு கருப்புக்குட்டி எனக்குங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அப்போது இதே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முன்பு பைக் ஏறியதில் செவலையின் இடுப்பெலும்பு கோணலாக ஒட்டியிருக்கிறது, குட்டி வெளியே வர வழியில்லை, இப்போதே ஊசி போட்டுக் கருவைக் கலைத்துவிடலாம் என்றார். பத்தாவதைத் தாண்டாத நான் பெரிய ஆள்போல "ஆப்பரேசன் பண்ணா?" என்றேன். ரத்தம் குறைவு, மயக்க மருந்து தாங்கமாட்டாள் என்றார். நீங்கள் தரையைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "போட்டுருங்கம்மா. இருக்கறவ இருக்கட்டும்."

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். கர்ப்பிணிகள் அந்த மருந்துப் பக்கமே வரக்கூடாது என்றார் டாக்டரம்மா. பெண் வாயும் வயிறுமாக இருக்கிற வீட்டில் இந்தக் காரியமே ஆகாது என்றாள் என் மனைவி. "எங்க வூட்டுல இருக்கட்டும் விடுங்க" என்று செவலையைத் தூக்கிக்கொண்டீர்கள்.

முதல் ஊசிக்கே எனக்குத் தலை சுற்றியது. "ஊசி அவளுக்குங்க, உங்களுக்கில்ல" என்று என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். மறுநாள் ஊசிக்கும் நீங்கள்தான் பிடித்தீர்கள். அவள் வாந்தி எடுத்ததையும், பிறகு ரத்தம் போனதையும் துடைத்தது நீங்கள். கருப்பனின் கடைசி மிச்சம் உங்கள் வீட்டிலேயே, உங்கள் மடியிலேயே போனது. அதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை.

தேறியதும் கொண்டுவந்து விட்டீர்கள். அவள் கழுத்தில் கருப்பனின் தோல்பட்டை, மணியோடு. "வெறுங்கழுத்தோட அனுப்பக்கூடாதுங்களே" என்றீர்கள்.

பேத்தி இப்போது அந்தப் பட்டையைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பழகுகிறாள். சாயங்காலமானால் செவலை உங்கள் பூட்டிய கேட் முன்னால் போய்ப் படுத்துக்கொள்கிறாள். கூப்பிடப் போகிற நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். இரண்டு பேரையும் கூப்பிட என் மனைவி வரவேண்டியிருக்கிறது.

இன்று டாக்டரம்மா பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நைஞ்சுபோச்சே, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக் கட்டுங்க" என்றார்.

"முடியாதுங்கம்மா," என்றேன். "சம்பந்தி வூட்டுச் சீர்."