கொடி ஒட்டாத கப்பல்

நேற்று நம் கொல்லையில் மிளகாய்ப் பழம் எடுக்க வந்த மாரியின் காலில் கருவேல முள் ஏறிவிட்டது. ஊக்கை வைத்து நெம்பிப் பார்த்தாள். முனை முறிந்து உள்ளே போய்விட்டது. வீட்டுக்கு ஓடி வந்து உங்கள் மேசையிலிருந்து முள்வாங்கியை எடுத்துப் போனேன். அதன் நுனியில் சாம்பல் நிறம் காய்ந்து ஒட்டியிருந்தது. முள் வந்த பிறகு மாரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிமெண்டா அக்கா என்று கேட்டாள். கப்பலுக்கு அடித்த பெயிண்டு என்றேன். இந்தச் சிக்கல் ஊரில் ஏது கப்பல் என்பதுபோல என்னைப் பார்த்தாள். நீங்கள் போன பிறகு இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். உங்களை அவளுக்குத் தெரியாது.

அவளிடம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். உங்களிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

சிங்கப்பூரிலிருந்து நீங்கள் மொத்தமாகத் திரும்பி வந்தபோது, பெட்டியில் கைலிக்குள் சுற்றி ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தீர்கள். உள்ளே, துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கப்பல். மூடியில், அலையைக் கிழித்துக்கொண்டு வரும் சாம்பல் நிறப் போர்க்கப்பல். அதன் பின்னால் கதிர் விரித்த சூரியன் போட்ட கொடி. அந்தக் கொடியை நான் அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை. ஆனால் என்னைப் பெற்ற அய்யா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அய்யாவைப் பெற்றவர் மலாயாவுக்கு ரப்பர் பால் வெட்டப் போனவர். ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான். உடன் போய்த் தப்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், அவர் காலராவில் போய்விட்டதாகச் சொன்னார். அதுதான் சேதி. எந்த இடம், எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. தவழும் வயதில் விட்டுப்போன தகப்பனின் முகம் அய்யாவுக்கு நினைவில் இல்லை. திதி கொடுக்கவும் தேதி கிடையாது. தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் முங்கி எழுந்து, பேரை மட்டும் சொல்லிவிட்டு வருவார்.

"இத இந்த வீட்டுக்குள்ள வைக்காதீக" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. பெட்டியைத் திண்டில் வைத்துவிட்டுக் காப்பி கேட்டீர்கள். குடித்து முடித்த பிறகுதான் சொன்னீர்கள். அத்தனை வருடம் கப்பல் பட்டறையில் பெயிண்டு அடித்தும், ஒரு கப்பலைக்கூட முழுசாகப் பார்த்ததில்லையாம். கயிற்றில் தொங்கும்போது எதிரே தெரிவது ஓர் இரும்புச் சுவர்தானாம். அடித்து முடித்து அது கடலில் இறங்கும்போது நீங்கள் அடுத்த சுவரில் தொங்குவீர்கள். ஒருநாள் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் முன்முனை தொடங்கிப் பின்முனை வரை ஒரு கப்பலைப் பார்த்து, பஸ்ஸை விட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தீர்களாம்.

"அது எந்த நாட்டுக் கப்பல்னு அப்ப எனக்குத் தெரியாது" என்றீர்கள். "பாத்தா கோயில் கோபுரம் கெணக்கா நடுவுல அடுக்கடுக்கா நின்னுச்சு. அம்புட்டுத்தான்."

அதற்குப் பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. செய்துகொள்ளுங்கள், கொடி மட்டும் ஒட்டக்கூடாது என்றேன். சரி என்று தலையாட்டினீர்கள்.

கிழக்குச் சன்னல் ஓரம் உங்கள் பட்டறை ஆனது. என் தையல் மிஷினை நகர்த்திவிட்டு மேசையைப் போட்டீர்கள். என் கண்மை டப்பா பெயிண்டு கலக்கும் கிண்ணமாகிவிட்டது. ஜப்பானில் ஒவ்வொரு கப்பல் துறைக்கும் தனித்தனிச் சாம்பல் நிறம் உண்டு என்று நீங்கள் சொல்ல, சாம்பலில் என்ன ஒசத்தி தாழ்த்தி என்று நான் சிரிக்க, மூன்று அட்டைத் துண்டுகளில் தடவி வெயிலில் கொண்டுபோய்க் காட்டினீர்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மூன்றும் வேறுவேறாகத்தான் இருந்தன. ஒன்று மழைக்கு முந்தின வானம்போல. ஒன்று எருமை முதுகுபோல.

அந்தக் கப்பல் முடிந்த மாதமே அய்யா நம் வீட்டில் தங்க வந்தார். கண்ணில் பொரை எடுக்க ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கப்பலை எடுத்துப் பரணில் வையுங்கள் என்று உங்களிடம் கெஞ்சினேன். ஒளிக்க மாட்டேன், நானே மாமாவிடம் சொல்கிறேன் என்றீர்கள். அவர் கண் கட்டுப் பிரித்து வந்த இரண்டாம் நாள் காலையில், கையைப் பிடித்து மேசைக்குக் கூட்டிப்போனீர்கள். அடுப்படியில் எனக்கு வேலை ஓடவில்லை. ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றேன்.

இது ஜப்பான்காரன் சண்டைக் கப்பல் மாமா என்று நீங்கள் நேராகச் சொன்னீர்கள். அய்யா குனிந்து, புதுக்கண்ணால் வெகுநேரம் பார்த்தார். பீரங்கி எது, ஆள் நிற்கும் இடம் எது என்று கேட்டார். இதில்தான் எங்கய்யாவைக் கொண்டுபோனார்களா என்று கேட்டார். இல்லை, சயாமுக்குச் சரக்கு ரயிலில் அடைத்துக் கொண்டுபோனார்கள் என்றீர்கள். பிறகு அவர் விரல், பின்முனையில் வெறுமனே நின்ற கம்பியைக் காட்டியது.

"இதுல கொடி இல்லையே மாப்ள?"

"ஒங்க மக வேணாம்னு சொல்லிருச்சு மாமா."

அய்யா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒட்டச் சொல்லுத்தா. எவன் கப்பலுன்னு பாக்குறவனுக்குத் தெரிய வேணாமா?"

அன்றைக்கே ஒட்டினீர்கள். அய்யா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒட்டி முடித்ததும், யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத அந்த மனுசர் உங்களிடம் ஒன்று கேட்டார்.

"எங்கய்யா மலாயாவுக்கு ஏறிப்போன கப்பல ஒங்களால செய்ய முடியுமா?"

அதற்கு எந்தக் கடையிலும் பெட்டி கிடையாது. கப்பலின் பெயரும் தெரியாது. அய்யாவின் சித்தப்பா நாகப்பட்டினத்துக்கு வழியனுப்பப் போனவர். அவர் அய்யாவுக்குச் சொல்லியிருந்த அடையாளங்கள்தான்: கறுப்பு உடம்பு, ஒற்றைப் புகைபோக்கி, மேல்தட்டில் கட்டிய துணிப் பந்தலின் கீழே சனம். அந்தக் காலத்துக் கப்பல் படங்களை அய்யாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, இது இல்லை, இது மாதிரி என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு சாண் நீளக் கப்பலைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டினீர்கள். கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் படகுகளுக்கு மட்டும் வழியில்லை. ஜப்பான் கப்பல் பெட்டியில் மிஞ்சிக் கிடந்த படகுகளை எடுத்து வெள்ளையடித்து இதில் தொங்கவிடலாமா என்று அய்யாவிடமே கேட்டீர்கள். படகு என்ன பாவம் செஞ்சது என்றார் அவர்.

உங்கள் வலது கை நடுங்கத் தொடங்கியது அந்த வேலையின் நடுவில்தான். முதலில் தேநீர்க் கிளாஸில் தெரிந்தது. மதுரை டாக்டர் மாத்திரை கொடுத்தார், குறைந்தது, நிற்கவில்லை. ஒரு காலையில் புகைபோக்கியின் பட்டைக்கோடு கோணிக்கொண்டு போக, தூரிகையை வைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் தூரிகையை எடுத்தேன். எப்படி என்று கேட்கவில்லை, நீங்களும் தடுக்கவில்லை. என் மணிக்கட்டின் கீழே உங்கள் இடது கையை முட்டுக் கொடுத்தீர்கள். அந்தப் பட்டையை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அடித்தோம்.

கடைசியாக அய்யா ஓர் ஆள் வேண்டும் என்றார். அந்த அளவுக்கு ஓர் ஆள் என்றால் குருணை அரிசி அளவு. நீங்கள் சொல்லச் சொல்ல நான் சீவினேன். ஊசி முனையால் வேட்டிக்கு வெள்ளை வைத்தேன். எந்தப் பக்கம் பார்த்து நிறுத்த என்று நீங்கள் கேட்டபோது அய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கரையப் பாத்து நிக்கட்டும் மாப்ள. நான் அங்கனதான இருக்கேன்."

பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனார். இன்றும் அவர் படுக்கிற அறையில், சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. அமாவாசைக்கு அதற்கும் ஒரு பூ வைக்கிறார்.

அதன்பிறகு உங்கள் ஜப்பான் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் நான்தான் பெயிண்டு. பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கு உடம்பை ஒட்டி முடித்திருந்த நேரத்தில்தான் நீங்கள் போனீர்கள். மாசி மாதம், மிளகாய் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மெல்லிய கோடு இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பழக்கிவிட்டிருந்தீர்கள். பிடிப்பேன், ஆனால் விட மறந்துவிடுவேன். கோடு முடிந்த பிறகும் முகம் சிவக்க அப்படியே இருப்பேன். "மூச்ச விடு தாயி, கோடு ஓடிப் போகாது" என்று முதுகில் தட்டுவீர்கள். உங்களை வாசலிலிருந்து தூக்கியபோதும் அப்படித்தான் நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் அய்யாதான் வந்து முதுகில் தட்டினார்.

வெகுநாள் அந்த மேசைப் பக்கம் போகவில்லை. இந்தத் தை பிறந்த பிறகுதான் பெரிய கப்பலை எடுத்தேன். எருமை முதுகு நிறத்தை நானே கலந்தேன். முதல் தடவை கறுத்துவிட்டது, அடுத்த தடவை சரியாக வந்தது. மேல்தட்டுக்கு அடித்துவிட்டேன். இப்போது கைப்பிடிக் கம்பிகளுக்கு வந்திருக்கிறேன். காலை வெயில் சன்னலில் இருக்கும்வரை உட்காருகிறேன். ஒவ்வொரு கம்பிக்கும் மூச்சைப் பிடிக்கிறேன். கோடு முடிந்ததும் விட்டுவிடுகிறேன்.