அப்பாவுக்கு மிஞ்சிய ஒரே சொல்

1965 ஜூன் 3, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. ஓடை நிரம்பி வாசற்படி வரை தண்ணீர். குடைக் கம்பி ஒன்று முறிந்துவிட்டது, சரி பண்ணக் கொடுக்க வேண்டும். பெண்கள் வார்டில் கட்டில் போதாமல் தரையெல்லாம் பாய்.

டில்லியிலிருந்து பதில் வந்துவிட்டது. இடம் கிடைத்திருக்கிறது. மாஸ்டர் ஆஃப் நர்சிங். இரண்டு வருஷப் படிப்பு. மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், ஜூலை நடுவில் சேர வேண்டும். சர்டிபிகேட் நர்ஸாக ஆரம்பித்து, திருவனந்தபுரம் போய் பி.எஸ்ஸி. முடித்து, இப்போது இது. வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசி வருஷம்.

மேட்ரன் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கம் போணம். ஈ அவசரம் பின்னெ கிட்டில்ல." நான் போயே ஆக வேண்டுமாம், இது மறுபடி கிடைக்காதாம். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. எனக்கு எப்போதும் தமிழ் அர்த்தம்தான் முதலில் தோன்றும். இன்றைக்கு இரண்டும் பொருந்தியது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன். சாயா குடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் பார்த்தார்.

"நர்சுக்கு இதுக்கு மேலயும் படிப்பு இருக்கா?"

"இருக்குப்பா."

"படிச்சா என்ன?"

"மத்த நர்சுங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். ஸ்கூல் நடத்தலாம்."

உண்மையில் எனக்கு வேண்டியதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. "ஏன் சிஸ்டர்?" என்று படிக்க வந்த ஒரு பெண் கேட்டால் "டாக்டரிடம் கேள்" என்று வாயை அடைக்காத ஒரு பள்ளிக்கூடம். அவ்வளவுதான் ஆசை.

அப்பா கொச்சி பஜார் ரோட்டில் மிளகு வியாபாரியிடம் எடை மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் நர்ஸ் ஆன புதிதில் சொந்தக்காரர்களிடம் "எறணாகுளத்துல ஆபீஸ் வேலை" என்று சொல்லிவந்தார். பிறகு அவரே தெருவில் காய்ச்சல்காரர்களை என்னிடம் கூட்டிவர ஆரம்பித்தார். எப்போது மாறினார் என்று தெரியாது. கேட்டதும் இல்லை.

கடைசியில், "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

வாங்க வேண்டியவை: கம்பளி ஸ்வெட்டர். பூட்டு. வெள்ளைச் சேலை. குளிருக்குக் காலுறை. சிரிப்பாக இருக்கிறது, மட்டாஞ்சேரியில் காலுறை.

ஜூன் 6, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

சனிக்கிழமை காலை கிணற்றடியில் பல் தேய்க்கப் போன அப்பா விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடினேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை, வலது கால் துணி மாதிரி. பக்கவாதம். பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன. பக்கத்து வீட்டு பாத்தும்மா அக்கா வந்து தலையைத் தாங்கினாள். கைவண்டியில் ஏற்றி, மழையில், நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே.

அண்ணன் தோப்பும்படியிலிருந்து வந்தான். வில்லிங்டன் ஐலண்டில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. மூன்று பிள்ளைகள், அண்ணி, ஒன்றரை அறை வீடு. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னடி, பேசவே மாட்டேங்கறாரு? என்னமாச்சும் பண்ணு." எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். வெள்ளை உடுப்பில் இருப்பதால் எனக்கு ஏதோ கைவசம் இருக்கிறது என்று நினைப்பு. திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, நாடி பார்ப்பது. அவ்வளவுதான் இருக்கிறது.

ஜூன் 9, புதன்

அப்பா பேசிவிட்டார்!

காலையில் கஞ்சி கொண்டுபோனேன். "வேண்டாம்" என்றார். தெளிவாக. ஆயா கைதட்டினாள். அண்ணன் அழுதான். நானும்தான்.

"வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தார். முழுக் கிண்ணமும் குடித்தார்.

ஜூன் 12, சனி

வேறு சொல் இல்லை. தண்ணீர் வேண்டுமா, வேண்டாம். குடிக்கிறார். விசிறட்டுமா, வேண்டாம். நிறுத்தினால் முறைக்கிறார். அப்பா என்று கூப்பிட்டால் அதற்கும் வேண்டாம்.

டாக்டர் சொன்னதும் நான் படித்ததும் ஒன்றுதான். வலது பக்கம் விழுந்தவர்களுக்குப் பேச்சும் போவது உண்டு. சிலருக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சும். கோபத்துக்கும் அதுதான், பசிக்கும் அதுதான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது.

அண்ணனிடம் விளக்கினேன். தலையாட்டினான். பிறகு, "ஆனா தெளிவாத்தான சொல்றாரு" என்றான்.

ஈரத் துணி காயவே இல்லை. வீடு பூராவும் பூஞ்சை வாடை.

ஜூன் 14, திங்கள்

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. நான் லீவு. மத்தியானம் அண்ணன், அண்ணி, பாலக்காட்டிலிருந்து சித்தப்பா. சித்தப்பாவுக்கு டில்லி விஷயம் அண்ணன் சொல்லியிருக்கிறான். "ஊசி போடறதுக்கு எதுக்கும்மா டில்லி?" என்றார். நான் சாயா போடப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உரக்கக் கேட்டான்:

"அப்பா, தங்கம் டில்லிக்குப் போகட்டுமா?"

"வேண்டாம்."

சித்தப்பா "கேட்டியாம்மா?" என்று என்னைப் பார்த்தார். முடிந்துவிட்டது என்பது மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் கேட்டேன். "அப்பா, நான் இங்கயே உங்ககூட இருந்துடட்டுமா?"

"வேண்டாம்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் எழுந்துவிட்டான். "நீ அவரக் குழப்பற. சீக்காளிகிட்ட வெளையாட்டா?"

விளையாட்டு இல்லை. ஆனால் கேட்ட பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அப்பா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 17, வியாழன்

மழை விட்டு வெயில். மெத்தையை வெளியே போட்டேன்.

வேறு வழியில் கேட்டுப் பார்த்தேன். "ஆமான்னா என் கைய அமுக்குங்கப்பா. இல்லைன்னா சும்மா இருங்க." உங்க பேரு சிதம்பரமா? அமுக்கினார். அதுதான் பேர்! உங்க பேரு கோவிந்தனா? அமுக்கினார். இது மட்டாஞ்சேரியா? அமுக்கினார். இது பம்பாயா? அமுக்கினார், இன்னும் பலமாக. என்னைச் சந்தோஷப்படுத்துகிறார். அவ்வளவுதான்.

டில்லி பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அமுக்கியிருப்பார், நான் அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அண்ணன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்ட மாதிரி.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாரே. என்ன சொல்வதாக இருந்தார்? அந்த ராத்திரி முடிவு பண்ணியிருப்பாரா? உள்ளே எங்கேயோ அந்தப் பதில் இருக்குமா, அதுவும் போய்விட்டதா? எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ஜூன் 21, திங்கள்

பாத்தும்மா அக்கா தானாகவே வந்து சொன்னாள். புருஷன் ராவுத்தர் மௌத்தான பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். "நீ போ தங்கம். எங்க வாப்பா நாலு வருசம் இப்படித்தான் கெடந்தாக, நான்தான் பாத்தேன். எனக்குப் பொழுது போகணுமுல்ல?"

மனசு ஒரு நிமிஷம் இறக்கை கட்டிக்கொண்டது. அப்புறம் பயம்.

ஆனாலும் சொல்லிக்கொடுத்தேன். எப்படிப் புரட்டுவது, முதுகில் எங்கே சிவக்கும், எப்படி உட்காரவைத்துக் கஞ்சி கொடுப்பது. நான் டியூட்டிக்குப் போய்த் திரும்பியபோது அப்பாவுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு வைத்திருந்தாள். "நல்ல மனுசன். எல்லாத்துக்கும் வேண்டாம்ங்கறாரு, எல்லாத்தையும் செய்ய விடறாரு."

ஜூன் 23, புதன்

போகிறேன். முடிவு பண்ணிவிட்டேன். எழுதிப் பார்த்தால் நிஜம் மாதிரி இருக்கிறது.

அண்ணனிடம் சாயங்காலம் சொன்னேன். லீவுக்கு வந்துவிடுவேன், பாத்தும்மா அக்கா இருக்கிறாள், நீ ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"உன் இஷ்டம்" என்றான்.

நாளைக்கும் மறுநாளும் எனக்குப் பகல் டியூட்டி, தந்தி ஆபீஸ் போக முடியாது. அவன் ஆபீசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சேருகிறேன் என்று தந்தி கொடுக்கச் சொல்லி விலாசம் எழுதிக் கொடுத்தேன். "சரி" என்று பையில் போட்டுக்கொண்டான்.

ஜூன் 25, வெள்ளி

அண்ணன் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து, "தந்தி குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். சாயா குடிக்கக் கூப்பிட்டேன், படகுக்கு நேரமாகிறது என்றான்.

ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன். குஜராத்திக் கடை. சாம்பல் நிறம். போட்டுப் பார்த்ததும் வியர்த்துக் கொட்டியது. பாத்தும்மா அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும் பார்த்தார். "வேண்டாம்."

ஜூலை 1, வியாழன்

பேனா ஓடவில்லை.

நேற்று சாயங்காலம் கொட்டுகிற மழையில் அண்ணன் வந்தான். குடை இருந்தும் நனைந்திருந்தான். உட்காரவில்லை.

"தங்கம், நான் வேற மாதிரி தந்தி குடுத்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"வர முடியாது, அப்பாவுக்குச் சீக்குன்னு. அன்னைக்கே." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வாரமாத் தூக்கமே இல்ல. சொல்லாம இருக்க முடியல."

"ஏன் அண்ணே?"

"அப்பா சொன்னதத்தான் அனுப்பினேன்."

"அவர் எதையும் சொல்லல. உனக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? நீ படிச்சவ. எனக்கு அவர் வாயில வந்ததுதான் தெரியும்." குடைக் கைப்பிடியை முறுக்கினான். "நீ அங்க போயி, இங்க ராத்திரி ஒண்ணு ஆயிடுச்சுன்னா? நான் ஓடி வந்து என்ன பண்ணுவேன்? எனக்கு அவரப் புரட்டிப் படுக்க வைக்கக்கூடத் தெரியாது. பயமாருக்குடி."

அடிக்க வேண்டும் போல இருந்தது. தலையைத் துவட்டிக்கொள்ளத் துண்டு எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

இன்று காலை மேட்ரன் அம்மாவின் அறைக்கு நேராகப் போனேன். கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார். டில்லிக்கு டிரங்க் கால் பதிவு பண்ணினார். காத்திருந்தோம். மத்தியானம் கிடைத்தது. கடல் இரைச்சல் மாதிரி ஒரே இரைச்சல். மேட்ரன் அம்மா கத்திக் கத்தி இங்கிலீஷில் பேசினார். என் பெயரைச் சொன்னார், எழுத்து எழுத்தாகச் சொன்னார். பிறகு பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்து தெரிந்தது.

காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவளும் சம்மதம் சொல்லிவிட்டாளாம். ஒன்றும் செய்வதற்கில்லை. வருத்தப்படுகிறார்களாம்.

வயது வரம்பைத் தளர்த்தச் சொல்லி அடுத்த வருஷம் எழுதிப் பார்ப்பதாக மேட்ரன் அம்மா சொன்னார். அடுத்த வருஷம் அவர் இங்கே இருக்க மாட்டார், ஓய்வு. இரண்டு பேருக்கும் தெரியும்.

வார்டுக்குத் திரும்பினேன். ஒரு மாணவி தெர்மாமீட்டரை உடைத்துவிட்டாள். திட்டினேன். அதிகமாகத் திட்டிவிட்டேன்.

ஜூலை 2, வெள்ளி

ஒன்றும் இல்லை. மழை. மத்தி மீன் வாடை, அடுத்த தெருவரை.

யார் அந்தப் பெண்? எந்த ஊர்? நன்றாகப் படிக்கட்டும். அப்படி நினைக்கத்தான் பார்க்கிறேன்.

ஜூலை 4, ஞாயிறு

அண்ணன் வந்தான். வருவான் என்று நினைக்கவில்லை. கூட யாருமில்லை. சவர சாமான் கொண்டுவந்திருந்தான். "நான் பண்ணிவிடறேன்" என்று அப்பாவின் முகத்தில் சோப்பு தடவினான். நான் தலையணையை உயர்த்திக் கொடுத்தேன்.

பாதி முகத்தில் கத்தி இருக்கும்போது, "டில்லிலேருந்து இனிமே ஒண்ணும் ஆகாதா?" என்று மெதுவாகக் கேட்டான். "ஆகாது" என்றேன். "அந்தத் தந்தி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

அப்பா அழ ஆரம்பித்தார். சத்தமே இல்லை. இடது கண், வலது கண், இரண்டிலும். சோப்பு கரைந்து தாடையில் இறங்கியது.

அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். "ஏன் அழறாரு? நாம பேசினது புரிஞ்சிடுச்சா? தங்கம், அவருக்குப் புரிஞ்சிடுச்சாடி?"

பக்கவாதக்காரர்கள் காரணமில்லாமல் அழுவார்கள், சிரிப்பார்கள். நானே மாணவிகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். வீட்டாரிடம் இது நோய்தான் என்று எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் போர்டில் எழுதிப்போட்டிருக்கிறேன். காரணத்தோடு அழுகிறவர்களும் உண்டு. பார்த்துப் பிரிக்க முடியாது.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நோய்தான் என்று சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாகப் போயிருப்பான். புரிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் வாழ்நாள் பூராவும் தூங்கியிருக்க மாட்டான்.

"தெரியல அண்ணே" என்றேன்.

ஈரத் துணியால் அப்பாவின் கண்ணைத் துடைத்தேன். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தேன்.