தலைப்பிரசவம் என் வீட்டில்தான்

14 நவம்பர், வெள்ளி

காலையில் பனி, பிறகு தூறல். குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தினேன். முக்கால் இஞ்ச் பைப், வெல்டிங் என் கையால். தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. கல்பனாவுக்கு ஒன்பதாம் மாதம். கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றே வேலை பார்த்த கால், இன்னும் வீக்கம் வடியவில்லை. குனிந்தால் எழ முடியவில்லை என் பெண்ணால்.

வளைகாப்பு முடிந்து அழைத்து வந்ததிலிருந்து சம்பந்தியம்மாள் போனில் ஒரே பேச்சு. திருப்பி அனுப்பு, பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி. (இனி 'ச.' மட்டும். முழுதாக எழுத மை வீண்.) தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்ற வீட்டில். நான் போட்ட சட்டமா? அவர்கள் ஊர் ஆனேக்கல் பக்கமும் இதே வழக்கம்தான். என் வீட்டுக்கு மட்டும் செல்லாதாம்.

16, ஞாயிறு

ச. நேரிலேயே வந்துவிட்டாள். மாப்பிள்ளை காரோட்டி வந்தார், வாய் திறக்கவில்லை. அவர் வாய் அம்மாவிடம் இருக்கிறது.

கைப்பிடியைப் பார்த்து, பஸ்ஸில் நிற்பதுபோல் இருக்கிறது என்றாள். காபி கொடுத்தேன். சர்க்கரை போதவில்லை என்று பாதியில் வைத்தாள். அப்புறம்தான் வந்த விஷயம்.

"தாய் வீடுன்னா தாய் இருக்கணும் இல்ல, பீகரே?"

சம்பந்தி என்பதற்கு அவர்கள் பக்கத்துக் கன்னடச் சொல். மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே குத்துவது. கல்பனாவின் அம்மா சரோஜா போய் மூன்று வருடம். எனக்குத் தெரியாது என்று நினைப்பா?

"அவ இருந்த வீடு இது. அது போதும்" என்றேன்.

கல்பனா அறையைவிட்டு வெளியே வரவில்லை. மாப்பிள்ளை வாசலில் கார் கண்ணாடி துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

17, திங்கள்

பழைய வேட்டி நான்கு, வெந்நீரில் அலசி நிழலில் காயப்போட்டாயிற்று. சுக்கு, பூண்டு வாங்கியாயிற்று. ஆட்டோக்காரரிடம் சொல்லியாயிற்று. குழந்தைக்குப் புதுத்துணி கிடையாது, பிறந்த பிறகுதான்.

நர்ஸம்மா வந்தார். வலி எப்படி வரும், எப்போது கிளம்ப வேண்டும், எல்லாம் கேட்டேன். சிரித்தார், ஆனால் சொன்னார். சமையலும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கற்றுக்கொள்ளவில்லையா?

தண்ணிக் குழாயடியில் ஒருத்தி: "அவரே புள்ள பெக்கப்போற மாதிரி இல்ல ஆடறாரு." காதில் விழட்டும் என்றே சொன்னது. விழுந்தது.

20, வியாழன்

குளிர் கூடுதல். கல்பனா சாப்பிடவில்லை. மாமியார் வீட்டுக்கே போக வேண்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரெண்டு பேரும் ஜெயிக்கறதுலயே இருக்கீங்கப்பா. எனக்குப் பயமா இருக்குது. தொட்டுப் பாக்க ஒரு பொம்பள வேணும் எனக்கு."

என் எதிரிலேயே போன் போட்டாள். நான் அங்கே வரவில்லை அத்தை, வேண்டுமானால் நீங்கள் வாருங்கள் என்றாள். பிடிவாதம் யாருடையது என்று கேட்கத் தேவையில்லை.

21, வெள்ளி

ச. இரண்டு பையோடு இறங்கிவிட்டாள். பெண் கொடுத்தவன் வீட்டில் சம்பந்தி வந்து தங்குவது எந்த ஊர் நியாயம்? என் கட்டில் பின்னால் ஷெட்டுக்குப் போயிற்று, ட்ரில்லிங் மிஷின் பக்கத்தில். நானும்தான்.

அடுப்படி அவள் வசம். ராகிக் களி. என் ரசத்தை முகர்ந்து பார்த்துத் தள்ளி வைத்தாள். கைப்பிடியில் சேலை காயப்போடுகிறாள். அதற்காகவா வெல்டிங் வைத்தேன்?

24, திங்கள்

நேர்ப் பேச்சு இல்லை. எதுவானாலும் கல்பனா வழியாக. "உங்கப்பா கதவ அடிச்சுச் சாத்தறாரு." கதவு அப்படித்தான். மழைக்கு ஊதியிருக்கிறது.

மதியம் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். ச. தரையில் உட்கார்ந்து கல்பனாவின் பாதத்தை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்பனா தூங்கிவிட்டிருந்தாள். இத்தனை நாளில் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்காமல் வந்துவிட்டேன்.

27, வியாழன்

விடியும்போதே வலி. ஆட்டோ சொன்னபடி வந்தது. ஓசூர் ஆஸ்பத்திரி. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிரசவ வார்டு வாசலில் நர்ஸ் நிறுத்தினார். கூட ஒரு ஆள்தான், அதுவும் பெண்தான். அவ்வளவு கேட்டுவைத்த நான் இதைக் கேட்கவில்லை. கல்பனா என்னைப் பார்த்தாள். நானே ச.வைக் கை காட்டினேன்.

"அம்மாவா?" என்றார் நர்ஸ்.

ச. தலையாட்டப் போனாள்.

"மாமியார்" என்றேன்.

ச. திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கல்பனாவின் இடுப்பில் கை கொடுத்து உள்ளே கூட்டிப்போனாள். கதவைச் சாத்திவிட்டார்கள். மாப்பிள்ளை இன்னும் வரும் வழியில், அத்திப்பள்ளி நெரிசலில்.

சொன்னது சொன்னதுதான். மாமியார் மாமியார்தான். அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை.

இப்போது உள்ளே கல்பனா அலறினாள். "அம்மா" என்றுதான்.

"இங்கயே இருக்கேன் கண்ணு" என்றது ச.வின் குரல்.