முட்டுக் கழற்றிய சுவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே? அப்பா போனில் உன்னிடம், "ஒண்ணுமில்லம்மா, சின்னக் கைகலப்பு" என்றாராம். சின்னது இல்லையடி, மேஸ்திரியின் தாடையை உடைத்துவிட்டார்.

அப்பா கிரேன் ஓட்டும் இடத்தில் சுவர்களெல்லாம் தொழிற்சாலையிலேயே வார்த்து, ஜன்னல் ஓட்டையோடு லாரியில் வருகின்றன. அந்தக் காலத்தில் மரச்சுவர்களைக் கப்பலில் ஏற்றி, போன இடத்தில் பூட்டி வீடாக்கினார்கள் என்று உன் கல்யாணப் பந்தியில்கூடப் பெருமையடித்தாரே, அதே தொழில்தான். சுவரைத் தூக்கி, தரையில் நீட்டியிருக்கும் கம்பிகளில் செருகி, சாய்வாக இரும்பு முட்டுக் கொடுத்து, கம்பித் துளைகளில் சிமென்ட் பால் ஊற்றுவார்கள். அது இறுகும்வரை முட்டுகளைத் தொடவே கூடாது. மேஸ்திரியோ அடுத்த சுவருக்கு முட்டு போதவில்லை என்று பால் இறுகாத சுவரிலிருந்து கழற்றச் சொல்லியிருக்கிறான். அப்பா மேலிருந்து கத்தியது இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. சுவர் அப்படியே சாய்ந்தது. அடியில் நம் பக்கத்து வீட்டு வெல்டர். நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லையாம். அப்பா இறங்கி வந்தால், மேஸ்திரி, "முதல்ல முட்டெல்லாம் திரும்ப மாட்டுங்கடா, யாராவது பாக்கப்போறாங்க" என்கிறானாம். அதே இரும்பு முட்டு ஒன்றை எடுத்து அவன் வாயிலேயே போட்டார். விழுந்த பிறகும் அடித்தார். நாலு பேர் இழுத்தும் விடவில்லை. அந்த ரத்தச் சட்டையை நான் துவைக்காமல் எரித்துவிட்டேன். மேஸ்திரியை நினைத்தால் எனக்குப் பாவமாகவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

மறுநாள் கம்பெனி ஆள் வந்தான். செத்த வெல்டரே முட்டுகளைக் கழற்றினான், மேஸ்திரிக்கும் சுவர் விழுந்துதான் அடி என்று எல்லோரும் சொன்னால் அப்பாமேல் கேஸ் வராதாம். ஆஸ்பத்திரியில் கிடக்கும் மேஸ்திரியும் தலையாட்டிவிட்டானாம், ஏன் ஆட்டமாட்டான்? நான் வாயெல்லாம் பல்லாக அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். எனக்கு உன் அப்பா வீட்டில் வேண்டும்.

அவன் போனதும் வெல்டர் மனைவி வந்தாள். "அண்ணே, அவரே கழட்டிட்டாருன்னு சொல்றாங்களே, நீங்க மேலேருந்து பாத்தீங்கதானே" என்று கேட்டாள். விடிந்ததும் அப்பா, நீ அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "அடிச்சதையும் சொல்லிடறேன், ஏன் அடிச்சேன்னும் சொல்லிடறேன்" என்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். வாசலில் மறித்து நெஞ்சில் குத்தினேன், சட்டை கிழிந்தது. கிழிந்த சட்டையோடு போனவர் இன்னும் வரவில்லை.

லீவு போட்டு ஓடி வராதே. குழந்தையின் சளிக்கு வெந்நீர் கொடு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். அப்பாவிடம் பேசக் கிடைத்தால் திட்டாதே, அதற்கு நான் இருக்கிறேன். இன்று பக்கத்து வீட்டுக்குச் சோறு கொண்டுபோனேன். அவள் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது.

இன்னும் கோபம் தணியாத,
உன் அம்மா