வேலித் தகட்டில் உன் பெயர்

கல்லூரி மைதானத்து வேப்பமரத்தடியில் தேசிய மாணவர் படைப் பெண்கள் உட்கார்ந்து பெல்ட்டுப் பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். குடியரசு தினத்துக்கு இன்னும் சில நாள்கள்தான். அந்தப் பாலிஷின் நெடி, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த அறைக்குள் ஜன்னல் வழியே வந்தது. கண்ணைக் கரிக்கும் அதே நெடி. நிகழ்தகவுக் கணக்கு ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு நின்றேன். மேடம் ஏதோ யோசிக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. கறுத்துப்போன உன் நகங்கள் நினைவுக்கு வந்தன, அவ்வளவுதான்.

இதை நீ படிக்கப்போவதில்லை. போனவர்கள் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, நம்புவதுமில்லை. ஆனாலும் நடந்ததை உன்னிடம் தவிர வேறு யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் ராணுவப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாரம் நம் இருவருக்கும் ஒரே அறை. நம் பேட்சில் தமிழ்ப் பெண்கள் நாம் இருவர்தான். என் பெட்டியின் மேல் எழுதியிருந்த முகவரியைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய்: "புதுக்கோட்டையா? எங்கிட்டு?"

"இலுப்பூர்."

"நான் கீரமங்கலம் பக்கம். அப்ப வா, சண்ட போடுறதுக்காவது ஆள் கெடச்சுச்சு."

அன்றைக்கே என் பெல்ட்டையும் சேர்த்து நீயே தேய்த்தாய். எனக்குத் தேய்க்கத் தெரியவில்லை. இரண்டாவது மாதம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதபோது நீ ஆறுதல் சொல்லவில்லை. "அழுவுறதா இருந்தா பாத்ரூமுல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு அழுடி. இங்கன அழுதா ரெண்டு பேரையும் சேத்துத் திரும்ப ஓடச் சொல்லுவாங்க." நான் பாத்ரூமுக்குப் போனேன். வெளியே வந்தபோது என் காலணிகளும் துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

நான் ஐந்து வருடத்தில் வெளியே வந்துவிட்டேன். மேலே படித்தேன், புள்ளியியல் ஆசிரியை ஆனேன். நீ பதினான்கு வருடம் இருந்தாய். மலைமேல் உள்ள முகாம்களுக்கு லாரியில் அரிசியும் மண்ணெண்ணெயும் அனுப்பும் வேலை. ஒருமுறை போனில் உன் வீர தீரத்தைக் கேட்டுக் கிண்டல் செய்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லடி. அரிசி மேல போவணும், காலி டின்னு கீழ வரணும். நடுவுல பனி விழுந்துச்சுன்னா நான் ரோட்டுல நிப்பேன்" என்றாய். எத்தனை குளிர்காலம் அந்த ரோட்டில் நின்றாய் என்று நான் கேட்டதில்லை.

பதினான்கு வருடம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நம் காலத்தில் பெண்களுக்கு அதற்கு மேல் இடமில்லை, ஓய்வூதியமும் இல்லை. பின்னால் வந்தவர்களுக்குக் கதவு திறந்தது. நீ திருச்சியில் ஒரு துணிக்கடையில் பாதுகாப்பு மேலாளர் ஆனாய். லெப்டினென்ட் கர்னலாக இருந்தவள், சேலை திருடுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். இரண்டு வருடம் கழித்து மார்பில் கட்டி. பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

நம் பேட்சில் போனவள் நீ மட்டுமல்ல. ஹரியானாக்காரி, ராத்திரி விளக்கணைத்த பிறகும் பாடிக்கொண்டிருப்பாளே, அவளுடைய வண்டி பள்ளத்தில் உருண்டது. பக்கத்து அறை அசாம்காரி பாலைவன ஊர் ஒன்றில் குடியிருப்பிலேயே தன்னை முடித்துக்கொண்டாள். அதை யாரும் அந்த வார்த்தையில் சொல்லவில்லை. பேட்சின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேருக்கும் ஒரே இரங்கல்தான். ஆங்கிலத்தில் நான்கு வரி, பெயரை மட்டும் மாற்றிப் போடுவார்கள். உனக்குப் போட்ட முதல் செய்தியில் அதையும் மறந்துவிட்டார்கள். அசாம்காரியின் பெயரோடு உனக்கு அஞ்சலி வந்தது. அதற்குக் கீழேயும் வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

போன வருடம் மார்கழியில் உன் அம்மா போன் செய்தார். ஊர் பஸ் ஸ்டாப்பில், உங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய் இறந்தவர்களுக்குக் கருங்கல்லில் நினைவுத் தூண் எழுப்புகிறார்களாம். குடியரசு தினத்தன்று திறப்பு.

"பேரெல்லாம் வெட்டிட்டாங்க ஆத்தா. இவ பேரு மட்டும் இல்ல. நீ ஒருதரம் வந்து பேசேன். நான் பேசுனா பொம்பள பொலம்புறான்னு போயிருவாங்க."

போனேன். புயலில் தென்னைகள் விழுந்த இடத்தில் இப்போது உன் அம்மா முல்லை போட்டிருக்கிறார். விடியலில் பறித்துக் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு விழாக் குழுத் தலைவரைப் பார்க்க வந்தார். அவர் ஓய்வுபெற்ற சுபேதார். பஸ் ஸ்டாப் டீக்கடையில் இருந்தார். நான் யார் என்று அம்மா சொன்னதும் டீயைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக எழுந்து நின்றார்.

"ஒக்காருங்க மேடம். நீங்க நிக்கிறப்ப நான் ஒக்கார முடியாது, பழக்கம்."

அந்த மரியாதையில் கொஞ்சம்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அடுத்து அவர் சொன்னதற்குக் கோபப்பட முடியாமல் போயிற்று.

"ரூல் மேடம். சர்வீஸ்ல இருக்கயில எறந்திருக்கணும். நம்ம பாப்பா வெளிய வந்து ரெண்டு வருசம் ஆச்சுல்ல. குழு கூடி எடுத்த முடிவு, நான் தனியா மாத்த முடியாது."

தூணில் கடைசியாக இருந்த பெயரைக் காட்டி, இவர் எங்கே இறந்தார் என்று கேட்டேன்.

"அவனா? லீவுல வந்தான் மேடம். மச்சான் கல்யாணத்துக்குப் பைக்குல போயி புளியமரத்துல மோதிட்டான். லீவுல இருந்தாலும் சர்வீஸ்தான?"

அப்போதுதான் உன் அம்மா வாயைத் திறந்தார். "அப்ப எம் மவளும் லீவுல வந்து செத்திருக்கணுமா தம்பி?"

பதினான்கு வருடம், பனி, ரோடு என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். சுபேதாருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த மலைகளில் அவரும் இருந்திருக்கிறார். உன் லாரியில் வந்த அரிசியைத் தின்றும் இருக்கலாம்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கண்டுபிடித்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"ஒண்ணு பண்ணலாம்க்கா. தூணச் சுத்தி வேலி இல்ல, ஆடு ஏறுது. நீங்க இரும்பு வேலி போட்டுக் குடுங்க. கேட்டுல ஒரு தகடு அடிச்சு, உபயம்னு பாப்பா பேர எழுதிருவோம். அதுக்கு யாரும் குறுக்க நிக்க மாட்டாங்க."

கோயில் குழல்விளக்கிலும் பள்ளிக்கூட மின்விசிறியிலும் எழுதுவது போல. விளக்கு கொடுத்தவர், பெஞ்சு கொடுத்தவர், நீ. நான் அம்மாவின் கையைப் பிடித்து, வேண்டாம் என்றேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு, "போடுங்க தம்பி" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"பஸ்ஸுக்கு நிக்கிறவங்க சும்மாதான நிப்பாங்க. நின்னா படிப்பாங்க. அவ பேர வேற எங்க ஆத்தா படிக்கப் போறாங்க?"

உன் பெயர் வேறு எங்காவது இருக்கிறதா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நாம் பயிற்சி பெற்ற இடத்தில் பெயர்ப் பலகை உண்டு. அது பதக்கம் வாங்கியவர்களுக்கும் போரில் போனவர்களுக்கும். அரிசியை மேலே அனுப்பியவர்களுக்குப் பலகை கிடையாது.

திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். அஞ்சலிக்கு ஊதும் ஊதுகொம்பு இசையை செல்போனில் போட்டு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். கல்லில் இருந்த பெயர்களைப் பதவியோடு ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பழைய பட்டாளத்துக்காரர்கள் சல்யூட் அடித்தார்கள். உன் பெயர் நன்றியுரையில் வந்தது. பந்தல் போட்டவர், ஒலிபெருக்கிக்காரர், அவர்களுக்கு அடுத்து வேலி. கூட்டம் கை தட்டியது. பந்தல்காரருக்குத் தட்டிய அதே அளவு. தகட்டில் இடம் போதவில்லை என்று பெயின்டர் உன் பதவியை விட்டுவிட்டார். உபயம், உன் பெயர், அதற்குக் கீழே ஊர்.

எனக்கு மனிதர்கள் மேல் பெரிய நம்பிக்கை எப்போதும் இருந்ததில்லை என்று நீயே சொல்வாய். ஆனால் அன்றைக்கு அங்கே கெட்டவர்கள் யாருமில்லை. அதுதான் என்னை இன்னும் விடாமல் உறுத்துகிறது. எல்லாரும் அவரவர் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். சரியாக நடந்துகொண்டு உன்னை வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள்.

இந்தப் பொங்கலுக்கு மறுநாள் அம்மாவைப் பார்க்கப் போனேன். வீட்டில் இல்லை. பஸ் ஸ்டாப்பில், நனைத்த துணியால் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்லில் வெட்டிய எழுத்துகள் வெட்டிய அன்று போலவே இருக்கின்றன. தகட்டில் ஒரு வருட வெயிலில் பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. அவர் துடைக்கத் துடைக்க உன் பெயரின் கடைசி எழுத்து துணியோடு வந்துகொண்டிருந்தது.

"தொடைக்காதீங்கம்மா, போயிரும்."

"தூசியா இருக்கே ஆத்தா." துணியைப் பிழிந்தார். "வருசா வருசம் அடிக்கணும்போல. குழுவக் கேட்டேன், உபயம் குடுத்தவங்கதான் பாத்துக்கணுமாம். நான் இருக்குற வரைக்கும் அடிச்சிருவேன். எனக்கப்பறம்?"

"நான் அடிக்கிறேன்."

என் நரையை நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கப்பறம்?"

அதற்குள் புதுக்கோட்டை பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

பிரஷ்ஷும் ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயின்டும் வாங்கிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பதவியையும் சேர்த்து எழுத முடியுமா என்று பார்க்க வேண்டும். நம் பேட்சில் மிச்சம் இருப்பவர்களில் உன் பெயரைத் தமிழில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.