முக்குளிப்பான் மூடிவைத்த முட்டைகள்

இஞ்சாருங்க,

உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத வாய் இது. நீங்கள் மௌத்தான பிறகும் அதே சொல்தான் வருகிறது. அல்லாஹ் உங்கள் கப்றுக் குழியை வெளிச்சமாக்கி வைக்கட்டும். நம் வீட்டு வளவில் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

நீங்கள் போனபின் வீட்டோடு இத்தா இருந்த மாதங்களில் எனக்கு உலகம் என்று இருந்தது சமைக்கிற குசினியின் யன்னல்தான். வளவுக்குக்கூட இறங்க விடமாட்டார்களே. வெள்ளை உடுத்திக்கொண்டு அங்கே உட்கார்ந்தால் உங்கள் மடு தெரியும். மூத்தவளின் வீட்டு அத்திவாரத்துக்கு நீங்கள் மண் வெட்டிய பள்ளம், மழை நிறைந்து குளமாகிப் போனது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, உட்காரக் கதிரையைத் தூக்கிக்கொண்டு அங்கே பறவை பார்க்கப் போவீர்கள். "கதைக்காதீங்க, கானாங்கோழி ஓடிரும்" என்று என்னை அடக்குவீர்கள். மடுவில் உங்களுக்கு இன்னொரு பெண்டாட்டி இருக்கிறாள் என்று நான் சீண்டியது கொஞ்சமா?

இப்போது அந்த நோய் எனக்கும் தொற்றிவிட்டது. கானாங்கோழி வாலை வெட்டிவெட்டி நடந்து எல்லாரோடும் சண்டைக்குப் போகிறது; உங்கள் தங்கச்சியின் நடை அப்படியே. முக்குளிப்பான் சோடி ஒன்று பாசியைக் குவித்து மிதக்கும் கூடு கட்டியது. ஒன்று எழும்ப மற்றது போய்க் கூட்டில் உட்கார்ந்தது. பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தபோது நாம் இருவரும் முறை மாறி விழித்திருந்தது ஞாபகம் வந்து, யன்னலடியில் அழுதுவிட்டேன்.

ஆனால் மடுவை நிரப்பச் சொன்னவரும் நீங்கள்தானே. சின்னவள் றிஸ்னாவுக்கு வீடு கட்ட வேறு இடமில்லை. பெண்ணுக்கு வீடு இல்லாமல் நம் ஊரில் கலியாணம் ஏது? நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடியே மூத்த மருமகன் மடுவை மூடக் கிறவல் மண்ணுக்கு ஏற்பாடு செய்தார்.

டிப்பர் லொறி மண்ணோடு வருகிற காலையில், கூட்டைப் பார்த்துவரச் சொல்லி றிஸ்னாவை அனுப்பினேன். "வெறும் பாசிதான் உம்மா, ஒண்டுமில்ல" என்றாள். பறவை கூட்டை விட்டுப் போய்விட்டதாக்கும், கொட்டட்டும் என்றேன்.

அவள் வீட்டுக்குள் வந்த பிறகு முக்குளிப்பான் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பியது. கூட்டில் ஏறி அலகால் பாசியை இழுத்து இழுத்து ஒதுக்கியது. கீழே முட்டைகள்! இவளுடைய காலடிச் சத்தம் கேட்டு மூடிவிட்டு முங்கியிருக்கிறது.

அதற்குள் டிப்பர் பின்பக்கமாக வளவுக்குள் வருகிறது. அந்நிய ஆணுக்குக் குரல் கேட்கக்கூடாது என்று இத்தாவில் எத்தனை புத்தி சொன்னார்கள்! நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"மகன், நிப்பாட்டுங்க! உள்ளுக்க முட்டை இரிக்கி!"

மூத்தவள் ஓடிவந்தாள். "உம்மா, இத்தாவில இப்பிடியா கத்துற?"

"முட்டைக்கு வாய் இரிக்கா மகள்? அதான் நான் கத்தினன்."

டிப்பர்காரர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "சரி உம்மா, முன்னுக்குக் கொட்டிட்டுப் போறன்" என்றார். நல்ல பிள்ளை.

அன்று முழுக்க வீட்டுக்கு முன்னால் குவிந்து கிடந்த கிறவலையே யோசித்தேன். என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த இந்தப் பழைய வீட்டை இடித்துவிட்டு இதே இடத்தில் றிஸ்னாவுக்குக் கட்டியிருக்கலாமே? உங்களுக்கு அது தோன்றாமலா இருந்திருக்கும்? என் வீடு கலைவதைப் பார்க்க மனமில்லாமல் உங்கள் மடுவைக் கொடுக்க முன்வந்தீர்களா? ஒரு வார்த்தை சொல்லாமல் இதையும் பாசி போட்டு மூடிவைத்துவிட்டீர்களே.

மருமகனிடம் சொல்லிவிட்டேன். வீட்டை இடிக்கட்டும், றிஸ்னாவுக்குப் புதிதாக எழும்பட்டும். குசினியை மட்டும் இடிக்காமல் விட்டால் எனக்குப் போதும். நான் பிறந்த அறை போகும், வருத்தம்தான், மறைக்கவில்லை. றிஸ்னா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

இத்தா முடிந்துவிட்டது. குஞ்சுகள் பொரித்துத் தாயின் முதுகில் ஏறித் திரிகின்றன. மடுவில் ஒரு பிடி மண் விழ விடமாட்டேன், இது என் வாக்கு. அஸர் தொழுதுவிட்டேன், உங்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

பயப்படாதீங்க, கதைக்கமாட்டேன்.

உங்கள் பிள்ளைகளின் உம்மா